பதினோராவது ஆள்

நீ காதுல வாங்குனது நெசந்தான் ஆத்தா. பஸ்ஸ விட்டு எறங்கையில டீக்கடைப் பெஞ்சுல பேசிக்கிட்டாகளா, ஓடுற ஜீப்ப நிப்பாட்டுன மூதேவிக ஊரு இதுன்னு? பேசட்டும். முன்னயெல்லாம் எங்களப் பத்தி அங்கன பேச்சே வராது. நீ உள்ள வா, இப்படி நாற்காலியில உக்காரு. இதுதான் எங்க மகளிர் குழுக் கட்டடம். நான் ராமுத்தாய், தலைவி.

நீ நெரப்பக் கொண்டாந்த பாரத்துல என்ன கேட்டிருக்கு? நாட்டு வளர்ச்சியில உங்க குழுவோட பங்கா? ஆடு, மாடு, தையல் மிஷினு... இம்புட்டுத்தானா கட்டம்? நீ ஏன் தாயி முழிக்கிற, நீயா அச்சடிச்ச? அந்த ஓரம் வெள்ளையாக் கெடக்குல்ல, அதுல எழுது. ஜீப்புல பத்துப் பேருக்கு மேல ஏற மாட்டோம். அதுதான் எங்க பங்கு.

சிரிக்காத. நாடு வளரணும்னா மொதல்ல நாங்க உசுரோட மலை எறங்கணும்ல? அனுமந்தன்பட்டியில விடியக்காலம் ஜீப்பு ஏறி, கம்பம்மெட்டு வழியா கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவுக நாங்க. சட்டப்படி வண்டிக்குப் பத்துப் பேருதான். பதினெட்டு ஏறுவோம். எப்படியா? மடிதான். ஒல்லியா இருக்கவ தாட்டியா இருக்கவ மடியில உக்காந்துக்கிருவா. மடியில இருக்கவள எண்ண மாட்டோம், அது எங்க வழக்கம். செக்போஸ்ட்டு வந்தா அவ குனிஞ்சுக்கிரணும், மேல சேலையப் போட்டு மூடிருவோம். ஆமா, நாங்களேதான் மூடுவோம். எவன் அடிச்சு மூடச் சொன்னான்? கூறுகெட்ட தனம்.

போன ஐப்பசியில கொண்டை ஊசி வளைவுல பின்கதவு தெறிச்சிருச்சு. சொர்ணலதா மடியில இருந்த பஞ்சம்மா ரோட்டுல விழுந்தா. இடுப்பெலும்பு போச்சு, இன்னைக்கும் கம்பு ஊண்டித்தான் நடக்கா. ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பேரு கூடப் போனோம். எத்தன பேரு வண்டியில இருந்தீகன்னு கேட்டாக. பழக்க தோசம், பத்துன்னுட்டோம். பத்துப் பேரும் இங்கன நிக்கிறீகளே, அப்ப இந்தம்மா எங்கன இருந்துச்சுன்னாக.

அந்த வாரக் கூட்டத்துல முடிவு பண்ணிட்டோம். குழுவுல கூட்டம் ஆரம்பிக்க முன்ன பேர் கூப்புடுவோம், ஆஜர்னு சொல்லணும். அதையே ஜீப்புக்கிட்டயும் செஞ்சோம். பத்தாவது ஆஜரோட கதவச் சாத்து. பதினோராவது ஆள ஏத்துனா பத்துப் பேரும் எறங்கிரணும்.

டிரைவரா? ஒருத்தன் குதிகுதின்னு குதிச்சான். பொம்பளைக கூட்டம் போட்டா மலை குனிஞ்சு வழி விடுமாக்கும்னான். மலை குனிய வேணாம்டா, நாங்க இனிக் குனிய மாட்டோம், அம்புட்டுத்தேன்னேன்.

பத்துப் பேரோட எந்த டிரைவரும் வண்டியெடுக்கல, மூணு நாள் எவளும் வேலைக்குப் போகல. செடியில காய் முத்திக் கெடக்கு, தோட்டத்துக்காரவுக எத்தன நாளைக்குப் பொறுப்பாக? நாலாம் நாள் அவுகளே ரெண்டாவது வண்டியும் அனுப்புனாக. மத்த டிரைவருக எல்லாம் ஒத்துக்கிட்டாக. அந்தக் குதிச்சவன் மட்டும் முறுக்கிக்கிட்டு நின்னான். பேரா? சுருளிராஜன். எம் மகன்.

ஏன் பேனாவ நிறுத்திட்ட? எழுது. நான் பெத்தவனுக்குன்னு தனிச் சட்டமா?

அவன் மார்க்கையன்கோட்டைப் பக்கம் போயி, இந்த விவரம் தெரியாத பொம்பளைகள ஏத்த ஆரம்பிச்சான். பழையபடி மடி, பழையபடி சேலை. போயிச் சொன்னேன். பெத்தவளே பொழப்புல மண்ணப் போடுவியான்னான். மருமக யுவராணி அழுதா, லைசென்ஸ் போயிட்டா எம் புள்ளைக என்னத்தத் திங்கும்னு. அவ கேட்டதுல தப்பில்ல. அந்தப் பதினெட்டுப் பேரு வீட்டுலயும் புள்ளைக இருக்குல்ல தாயி?

போன திங்கக்கெழம கம்பம்மெட்டு செக்போஸ்ட்டுல போலீசு அவன் வண்டிய மறிச்சுட்டாக. சேலைய விலக்கி ஒவ்வொருத்தியா எறக்கி எண்ணியிருக்காக. வண்டி ஸ்டேஷன்ல நிக்கிது, லைசென்ஸையும் வாங்கி வச்சுக்கிட்டாக. காட்டிக் குடுத்தது பஞ்சம்மாதான்னு இவனுக்கு நெனப்பு. அவ வாசல்ல போயி, நொண்டி அது இதுன்னு நாலு நாளா வஞ்சிருக்கான். அவளும் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடந்திருக்கா.

கையெழுத்தா, எங்கன போடணும்? குடு இங்கிட்டு. நேத்துத்தேன் அவன் வீட்டு வாசல்ல நின்னு, தெருவே கேக்க, செக்போஸ்ட்டுக்குப் போன் போட்டது நான்தான்டான்னு சொல்லிட்டு வந்தேன்.