பலம் தாவாது

கைகுலுக்கும்போது மெதுவாகக் குலுக்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும், ஐயா. விசாரிக்க முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது நீங்களும் அப்படித்தான் குலுக்கினீர்கள். பலம் உள்ளவன் அதை வாசலிலேயே காட்ட வேண்டியதில்லை. என் மச்சினனுக்கு அது தெரியாது. யார் கை நீட்டினாலும் எலும்பு நெரியப் பிடித்துவிட்டுச் சிரிப்பான்.

என் மனைவியின் தம்பி அவன். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை என்னோடு சேர்த்துக்கொண்டதே நான்தான். மாடிகளின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுவது எங்கள் தொழில். உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கிரிப்பர் என்று ஒன்று உண்டு; இரண்டு கைப்பிடி, அவற்றை இணைக்கும் ஒரு ஸ்பிரிங். கைக்குள் வைத்து அழுத்தி இரண்டையும் முட்டவைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அந்தக் கூடத்தில் எனக்குக் குறடு என்று பேர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் மனசு குளிர்ந்துவிடும். மறைக்க என்ன இருக்கிறது.

நான் கிரிப்பரை முழுக்க விரிந்த நிலையிலிருந்து ஒரே கையால் மூடுவேன். அவன் அப்படியில்லை. இடது கையால் அதைப் பாதி மூடி, வலது உள்ளங்கையில் பொருத்திக்கொண்டு, மிச்சம் இருக்கிற கொஞ்ச தூரத்தை மட்டும் நசுக்குவான். பாதி மாடிவரை லிஃப்டில் போய்விட்டுப் படியேறி வந்தேன் என்று சொல்வது போல.

"இதெல்லாம் ஒரு மூடலாடா?" என்று கேட்டேன்.

"மூடுதா இல்லையா மாமா, அத மட்டும் பாருங்க" என்றான்.

மூடிவிட்டான். வருஷக்கணக்கில் நான் மல்லுக்கட்டியும் முட்டாத பெரிய ஸ்பிரிங்கை எல்லோர் முன்னாலும் மூடினான். அன்றைக்கே குறடு என்ற பேர் அவனுக்குப் போய்விட்டது. நான் குறடோட மாமா ஆனேன். வீட்டிலும் அதே கதை. இறுகிய பாட்டில் மூடி எதுவானாலும் என் மனைவி என்னைத் தாண்டிப் போய் அவனிடம் நீட்டுவாள். "தம்பி, இதத் தொறந்து குடுடா." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வயிறு எரிந்தது. அதை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் என் வாயைக் கிளற வேண்டாம்.

ஆனால் செய்ததற்குக் காரணம் வயிற்றெரிச்சல் இல்லை. எனக்கு ஒரு விஷயத்தில் உறுதியான அபிப்பிராயம் இருந்தது. ஒரு விதமான பிடியில் வளர்த்த பலம் இன்னொரு பிடிக்குத் தாவாது. குறுகலில் நசுக்கிப் பழகிய கை, விரல் விரிந்து நிற்கும்போது ஒன்றுக்கும் உதவாது. கூடத்தில் இருந்த தடித்த குழாயில் ஒருமுறை அவனைத் தொங்கச் சொன்னேன். தொங்கின வேகத்தில் வழுக்கி விழுந்தான். அவனும் சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் அவன் தன் கிரிப்பரோடுதான் இருந்தான். குழாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னது சரி என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவுமில்லை.

நாங்கள் கடைசியாகக் கழுவப் போன அந்த மாடித் தொட்டிக்குப் பக்கவாட்டில் இரும்பு ஏணி. உச்சியில் கைப்பிடியாக ஒரு கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு ஏணியிலிருந்து காலை எடுத்து மேலே எம்ப வேண்டும். அந்த நொடியில் உடம்பு மொத்தமும் கையில்தான். வேலைக்கு முதல் நாளே போய், பெரிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நீளவாக்கில் கீறி அந்தக் கம்பிமேல் மாட்டினேன். வெயிலில் இரும்பு சுடும் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். சுடத்தான் செய்யும், பொய்யில்லை. கம்பி தடித்துவிட்டது, பிடித்தால் உருளவும் செய்தது.

மறுநாள் நான் முதலில் ஏறினேன். என் கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவன் கீழே பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"குறடுக்கு எதுக்குடா பெல்ட்டு?" என்றேன்.

சிரித்துக்கொண்டே கழற்றிப் போட்டுவிட்டு ஏறினான். கழற்றியது அவன் கை, என் கை இல்லை.

உச்சிக்கு வந்து காலை எடுத்தான். குழாய் உருண்டது. இடது கை நழுவியது. நான் நினைத்தபடியே நடக்கிறது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் அவன் விழவில்லை. வலது கை ஒன்றாலேயே அந்தக் குழாயை நசுக்கி நிறுத்திவிட்டான். கீறல் வாய்மூடி, பிளாஸ்டிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் பெரிய பயமும் இல்லை.

"மாமா, ஒரு கை குடுங்க" என்று இடது கையை என் பக்கம் நீட்டினான். சாப்பிடும்போது தண்ணீர் கேட்கிற குரல்.

பலம் தாவியிருந்தது, ஐயா. என் கண் முன்னாலேயே தாவியிருந்தது. கீழே இறங்கிப் போய் இதையும் கூடத்தில் சொல்வான். என் மனைவி கேட்டுவிட்டுப் பூரித்துப்போவாள்.

நான் குனிந்தேன். கை கொடுக்கத்தான் குனிகிறேன் என்று நினைத்திருப்பான். எதிர்மாடியிலிருந்து பார்த்த பெண் உங்களிடம் சொன்னது சரிதான். சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நல்ல பிடி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கட்டைவிரலுக்கு வருவதற்குள் போய்விட்டான்.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஒரே ஒரு திருத்தம். பொறாமையில் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். தடித்த குழாயை அவனால் பிடிக்க முடியவில்லை என்று எழுதுங்கள்.