குட்டைக்கு நான் கொடுத்த அலை

மலைத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், ஐயா. கடல் தண்ணீரில் லேசில் நுரைக்காது. இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்குக் கிளார்க்காக வருமுன், தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது கவனித்தது.

அங்கே கவனித்த இன்னொன்றைத்தான் கூடலூர் வாசகசாலையில் சொற்பொழிவாக ஆற்றினேன். கடலில் எண்ணெய் சிந்தினால் கொஞ்சம் வெயிலில் ஆவியாகும். மீதியை அலை துளித்துளியாக உடைக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதை மெல்லத் தின்னும். கனமான பாகம் தார் உருண்டையாக வருஷக்கணக்கில் கிடக்கும் என்பதை, சபை கொட்டாவி விட்டதால் விட்டுவிட்டேன். எஸ்டேட் துரையே மாலை போட்டார். அன்றிலிருந்து நான் எண்ணெய் நிபுணர்.

நிபுணருக்கு வேலையும் வந்தது. தொழிற்சாலை எஞ்சினுக்கு வந்த எண்ணெய்ப் பீப்பாய் உருண்டு, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக் குட்டையில் உடைந்தது. லயத்துக்கு வேறு தண்ணீர் கிடையாது. துரை பங்களாக் குழாயைத் திறந்துவிடும்படி நான் கேட்டிருக்கலாம்.

"தன்னால போகும் சொன்னது நீதானே?" என்றார் துரை.

மாலை விழுந்த கழுத்தை எப்படி ஐயா மறுத்து ஆட்டுவது?

குட்டையில் அலை இல்லாததுதான் குறை. சோப்பைக் கரைத்து ஊற்றி, ஆட்களை நிறுத்தி மூங்கிலால் அடிக்கச் சொன்னேன். சாயங்காலம் மேலே துளிப் பளபளப்பு இல்லை. எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, தண்ணீருக்குள் போயிருந்தது. அது எனக்குத் தெரியும்.

மருதாம்பாள் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க கிளார்க்கையா, எண்ணெயக் காணோம், நாத்தம் மட்டும் அப்படியே இருக்குதுங்களே?"

"கிருமி தின்னுட்டு ஏப்பம் விடுது. போயிரும்."

கவாத்து வெட்டும் சுப்பண்ணன் சிரித்தான். "அப்ப மொதச் சொம்பு நிபுணருக்குத்தானுங்க."

எல்லோரும் பார்க்க வாய் நிறைய வாங்கிக்கொண்டேன். பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். குடங்கள் குட்டையில் இறங்கின. நம்பி இறங்கின என்று சொல்லமாட்டேன். தாகத்துக்கு வேறு வழியில்லை.

லயம் முழுக்க வயிற்றைப் புரட்டியது. பெரியவர்கள் தேறினார்கள். மருதாம்பாளின் குழந்தை வாந்தியெடுத்து, அது மூச்சுக்குழலில் ஏறி, தேறவில்லை.

நான் அந்தச் சொம்புத் தண்ணீரை விழுங்கவில்லை, ஐயா. தொழிற்சாலை மூலை திரும்பும்வரை வாயிலேயே வைத்திருந்து துப்பிவிட்டேன். அந்தக் குழந்தைக்குத் துப்பத் தெரியாத வயது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?