உப்புத்தரை

நான் கறி தொடுவதில்லை. வீட்டில் கோழி அறுத்துக்கூடப் பார்த்ததில்லை, ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். காப்பி ஆறுகிறது, குடியுங்கள் இன்ஸ்பெக்டர். பாஷாணம் விற்ற கடைக்காரன் உங்களிடம் என் பெயரைச் சொல்லிவிட்டானாம். சொல்லட்டும்.

நல்லேப்பிள்ளியில் எனக்கு நூறு ஏக்கர் வயல். சட்டசபை மெம்பர் பதவி அதற்கு மேல் வந்த தொல்லை. போன வருஷம் மலையில் மரம் வெட்டக் கூடாது என்று தடை போட்டார்கள். சோலையை அழித்தால் மிச்சமிருக்கும் முப்பது வரையாடும் போய்விடும் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதினான். மற்றதையெல்லாம் சுட்டுத் தீர்த்தவர்கள் அவன் ஆட்கள்தான். சபையில் பாதிப் பேர் ஆட்டுக்காக உருகினார்கள், ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மீதிப் பேர் கூலிக்காரனுக்காக உருகினார்கள், அவனையும் பார்த்ததில்லை. ஆட்டுக்கும் ஓட்டு இல்லை, கூலிக்காரனுக்கும் ஓட்டு இல்லை. மரக் காண்டிராக்டர்களுக்கு இருந்தது. நான் கூலிக்காரன் பக்கம் பேசினேன்.

பேசி என்ன பயன்? ஆடு இருக்கும்வரை தடையும் இருக்கும். அவை உப்பு நக்க இறங்கி வரும் தரை எனக்குத் தெரியும். உப்பில் பாஷாணம் கலந்து நானே கொண்டுபோய்த் தூவினேன். ரத்தம் இல்லாத வேலை.

மூன்றாம் நாள் காலையில் மலையடிவாரத்து என் பங்களாவுக்கு மருதாத்தாள் வந்தாள். புருஷன் ராக்கப்பன் மரம் வெட்டுகிறவன், ஆறு மாதமாக வேலை இல்லை.

"ஏனுங்க, ஓடையோரம் வரையாடுக செத்துக் கெடக்குதுங்க. எடுத்தாக் கேஸ் போட்டுருவாங்களாங்க? கொழந்தைங்க கறி தின்னு மாசக்கணக்காச்சுங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். இவர்களுக்குக் காரணம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"நான் இருக்கறேன். எடுத்துக்கங்க" என்றேன்.

ஈரலைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது இவர்கள் வழக்கம். மெத்தென்று இருக்கும், உடம்புக்கு நல்லது என்பார்கள். விஷம் அங்கேதான் தங்குமாம். பெரியவர்கள் வாந்தி எடுத்துப் பிழைத்துக்கொண்டார்கள். ஒன்பது குழந்தைகள் செத்தன. இரண்டு மருதாத்தாளுடையவை.

அந்த ஒன்பது பெயர்களையும் சபையில் நானே வாசித்தேன். வேலையைப் பறித்த தடைதான் இவர்களைச் செத்த ஆட்டைத் தின்ன வைத்தது என்றேன். ஆட்டுக்காக உருகியவர்கள்தான் முதலில் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். தடை அந்த வாரமே நீங்கியது.

அதற்குப் பிறகு மருதாத்தாள் ஒரு நாள் வந்து, "நான் என்னங்க தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாள்.

"சரியா வேக வெச்சிருக்க மாட்டே" என்றேன். தலையாட்டிக்கொண்டு போனாள்.

ராக்கப்பனுக்கு என் கையாலேயே கோடாலி எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கும் மரம் வெட்டும் காட்டுக் கூப்பில் ஆட்களுக்குச் சமைக்கிற வேலை போட்டுக் கொடுத்தேன். வெறும் சோற்றைக்கூடக் குழைந்து கூழாகும்வரை அடுப்பிலேயே வைத்திருக்கிறாள் என்று ஆட்கள் முணுமுணுக்கிறார்கள்.

உப்பைத் தூவியவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கண்டால் அவள் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறாள், அதையும் எழுதுங்கள். கெடுதல் செய்தவனை யாராவது கும்பிடுவார்களா?