மருதாணிப் பொட்டு வைத்த இடம்

யுத்த காலம். சேலத்திலிருந்து ராசிபுரம் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"புள்ளை தொடைல ஒரு எலுமிச்சம்பழமே உக்காருமுங்க, அத்தனை பள்ளம்."

"அடிகிடி பட்டுச்சுங்களா?"

"இல்லீங்க, சக்கரை நோவுக்குத் தெனமும் ஊசி. கம்பவுண்டர் மொத நாள் குத்துன எடத்துல மருதாணிப் பொட்டு வெச்சு, தவறாம அங்கயேதான் போட்டேன். சதை கரைஞ்சு போச்சு. மாத்தி மாத்திப் போடோணும்னு டாக்டர் இன்னைக்குத்தானுங்க சொன்னாரு."

"பொட்டப் புள்ளைக்கு வடுவாயிருச்சேங்க."

தாய் மகளின் பாவாடையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"மூத்தவனுக்கும் இதே நோவுதானுங்க. அப்ப நம்ம பக்கம் இந்த மருந்து வரலே. ஒடம்புல ஒரு வடுக்கூட இல்லாமத்தானுங்க அவனப் பொதைச்சோம்."