பதினேழாவது சட்டை

இந்தத் தம்பி தேத்தண்ணியைக் குடிக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். சீனி கூடிவிட்டதோ தெரியவில்லை. சுதாகரன் என்று பெயர் சொன்னார். கிணறு வெட்டப்போய் எலும்புகள் வந்த காணியைப் பற்றி விசாரிக்கிறவர். மேசையில் இரண்டு படங்களை வைத்தார். முதலாவது, ஒரு சட்டைத் துண்டு மண்ணிலிருந்து வந்த அன்று எடுத்தது. பொக்கற்றைச் சுற்றி நீல நூல் தெரிந்தது. இரண்டாவது, நான் துப்புரவாக்கிக் கொடுத்த பிறகு எடுத்தது. அதில் நூல் இல்லை.

"மண்ணோட போயிருக்குமோ விமலேஸ்வரி ரீச்சர்?"

போகாது. அது மீன்வலை பொத்துகிற நைலோன் நூல். பருத்தி மண்ணில் உக்கிப்போகும், அது உக்காது. நான்தான் அவிழ்த்தேன். அவர் மரியாதையாகக் கேட்டார், நானும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

புதுக்குடியிருப்பில் எங்கள் நூற்கலை நிலையத்தை நான் நடத்துகிறேன். நெசவு, தையல், பழந்துணியில் ஒட்டுவேலை. துணி தெரிந்தவள் என்பதால், அந்தக் காணியில் எடுத்த துணிகளைக் கழுவிப் பதிந்து தரும்படி கேட்டார்கள். காணாமற்போனவர்களின் வீட்டார் பார்த்து அடையாளம் சொல்வதற்காக. சம்மதித்தேன். யாராவது செய்யத்தானே வேண்டும்.

எங்களிடம் வருகிறவர்களில் கலிஸ்ரா கடற்கரைப் பக்கத்தவர். கிழிந்தது எதுவானாலும் வலை நூலால்தான் பொத்துவார். இடக்கைக்காரி என்பதால் முடிச்சு மறுவளமாக விழும்.

"கலிஸ்ராக்கான்ர முடிச்சை அவிழ்க்க அந்தோனியார்தான் வரவேணும்," என்று கூட இருந்து தைக்கிற றஞ்சனி பகிடி பண்ணுவாள்.

"அவர் துலைஞ்சதைத் தேடித் தாறவர், பிள்ளை. அவருக்கு நான் வேற வேலை குடுத்திருக்கிறன்," என்பார் கலிஸ்ரா.

அந்த வேலை மகன் அனிஸ்ரன். கடைசி யுத்தத்தில் காணாமற்போனபோது பதினேழு வயது. ஒவ்வொரு வருடமும் அவன் பிறந்தநாளுக்கு ஒரு சட்டை தைக்கிறார். அளவை என்னிடம்தான் கேட்பார்.

"இப்ப கொஞ்சம் தடிச்சிருப்பான், என்ன ரீச்சர்?"

"தோளில கால் இஞ்சு கூட்டுவம்," என்பேன்.

பதினாறு சட்டைகள் எங்கள் அலுமாரியில் தொங்குகின்றன. அவற்றைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தத் தோள்களை நானும்தான் வளர்த்தேன்.

மண்ணிலிருந்து வந்த துண்டில் அந்தப் பொக்கற்றைக் கண்டதுமே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு முடிச்சுகள், எல்லாம் மறுவளம். அவிழ்க்க இரண்டு பின்னேரங்கள் பிடித்தன. துணி நோகாமல், ஊசி முனையால் ஒவ்வொன்றாக. நூலை எறியவில்லை. கழுவிக் காயவைத்து, பதினாறாவது சட்டையின் கழுத்துப் பட்டிக்குள் வைத்துத் தைத்தேன். அவனுடையது அவனிடமே இருக்கட்டும் என்றுதான்.

பிறகு துணிகளைச் சனத்துக்குக் காட்டினார்கள். கலிஸ்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே நடந்தேன். அந்தத் துண்டின் முன் நின்றார். நூல் இருந்த துளைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இது அவன்ரை இல்லை, என்ன ரீச்சர்?"

"இல்லை," என்றேன்.

சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த துணிக்குப் போனார். அன்று மத்தியானம் இரண்டாந்தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். என்னிடம் கேட்கிறவர்கள் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தத் துண்டோடு கிடந்த எலும்புகள் எண் போட்ட பெட்டியொன்றில் இருக்கின்றன. சேமக்காலையில் அனிஸ்ரனின் தகப்பனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் கலிஸ்ரா ஓரிடம் விட்டுவைத்திருப்பதும் எனக்குத் தெரியும். அது தனக்கு என்றுதான் சொல்லுவார்.

சுதாகரன் பேனையை மூடினார்.

"நூலைத் தாங்கோ ரீச்சர். மிச்சத்தை நாங்கள் பாப்பம். அந்த அம்மா தன்ர பிள்ளையை அடக்கம் பண்ணட்டும்."

அடுத்த அறையில் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. கலிஸ்ராதான். ஓடுவதும் நிற்பதுமாக, அவருடைய கால் மிதிக்கிற விதம் எனக்குத் தெரியும்.

"இல்லைத் தம்பி," என்றேன். "அவா தாங்கமாட்டா."

அலுமாரியைப் பூட்டியிருந்த திறப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பதினேழாவது சட்டைக்கு நேற்றே துணி வெட்டிவிட்டேன். கலிஸ்ரா இன்னும் கேட்கவில்லை. தோளில் கால் இஞ்சு கூட்டியிருக்கிறேன்.