இருபத்தேழாம் எண் வந்திருக்கிறது

(கள்ளக்குறிச்சி குறிஞ்சி முழுநல மருத்துவக் கல்லூரியின் ஆண்டு விழாவில், 1988 செப்டம்பரில், முதலாண்டு முடித்த மாணவி வீ. மணிமொழி பேசியது)

விழாவுக்குத் தலைமை தாங்கி, வியர்வையையும் தாங்கி வீற்றிருக்கும் அறக்கட்டளைத் தலைவர், பெருமதிப்பிற்குரிய கண்ணாயிரம் ஐயா அவர்களே! கண்டிப்பிலே கருங்கல்லாகவும் கனிவிலே கருப்பட்டியாகவும் விளங்கும் எங்கள் முதல்வர் ராஜாம்பாள் அம்மையார் அவர்களே! கையிலே வருகைப் பதிவேடும் கண்ணிலே சந்தேகமும் இல்லாமல் ஒருநாளும் வகுப்புக்கு வந்தறியாத ஆசான் சின்னதுரை ஐயா அவர்களே! மலையிறங்கி வந்திருக்கும் கல்வராயன் மலைப் பெரியோர்களே! அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் கருணாபுரத்துத் தாய்மார்களே! என்னைப் பெற்ற ஒரே குற்றத்துக்காக நைனார்பாளையத்திலிருந்து வந்து, கடைசி வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் என் தந்தை வீரமுத்து அவர்களே! மேடையைப் பாராமல் சுண்டல் அண்டாவையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சக மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் இந்த மணிமொழியின் பணிவான, கொஞ்சம் படபடப்பான வணக்கம்.

யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை, எனக்குத் தெரிகிறது. நாளைக்கு மறுபடியும் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று ஊரெல்லாம் பேச்சு. போன வருஷம் மரம் வெட்டிய கோடாரிகள் சாணைக்குப் போயிருப்பதாகப் பேச்சு. வெள்ளிமலைக்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. அதோ ஓட்டுநர் அண்ணன் வாசலில் நின்று சாவியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். என்ன அண்ணே? "இன்னா பாப்பா, முடிக்கப் போறியா, நான் கெளம்பட்டுமா?" முடித்துவிடுகிறேன் அண்ணே! உங்கள் பஸ்ஸை விட வேகமாகவே ஓடுவேன். நடுவில் தள்ளச் சொல்ல மாட்டேன்.

இப்போது மணி நாலு நாற்பது. ஐந்து மணிக்கு இந்த ஆண்டுச் சேர்க்கை முடிகிறது. அந்த ஐந்து மணியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘ஓராண்டில் நம் வளர்ச்சியும் மக்கள் பணியும்.’ வளரவில்லையா நாம்? வளர்ந்தோம்! பழைய அரிசி ஆலைக் கொட்டகையில் இருபத்தாறு பேராகத் தொடங்கியவர்கள், இன்று ஐம்பத்திரண்டு பேர். அன்று தவிடு பறந்த இடத்தில் இன்று தத்துவம் பறக்கிறது. தும்மல் மட்டும் அப்படியே இருக்கிறது.

மூலிகைத் தோட்டம் போட்டோம். முப்பத்திரண்டு வகைச் செடி. ஆடு தொடாததுதான் ஆடாதொடை என்று சின்னதுரை ஐயா பாடம் நடத்தினார். சத்தியமான வார்த்தை! வேலி தாண்டி வந்த ஆடு அதை ஒன்றை மட்டும் தொடாமல், மற்ற முப்பத்தொன்றையும் முடித்துவிட்டுப் போனது. மறுபடி நட்டோம். இந்த முறை முதலில் வேலியை நட்டோம்.

எங்கள் ஊரில் முகாம் போட்டு, மண்குளியலுக்குக் குழி வெட்டி, ஏரி வண்டலைக் குழைத்து நிரப்பினோம். விடிந்து போய்ப் பார்த்தால் குழிக்குள் இரண்டு எருமைகள், கண்ணை மூடிக்கொண்டு, பரம சுகத்தில்! மூட்டுவலிக்கு வந்த பெரியவர் ஒருவர் வரிசை மரியாதை தவறாதவர். "பரவாயில்ல டாக்டரம்மா, முன்னாடி வந்தவங்க முடிச்சிக்கினு எழுந்து வரட்டும்" என்றார்.

சிரிக்கிறீர்கள். ஆனால் கருணாபுரத்தில் எங்களால் சிரிக்க முடியவில்லை. செங்கல் சுமந்து தோள் தேய்ந்த தாய்மார்களை உட்கார வைத்து, "மூச்சை நன்றாக இழுத்து நிறுத்துங்கள்" என்றேன். இதோ முன்வரிசையில் இருக்கிறார்களே செல்லியம்மாள் அக்கா, அவர்கள் கேட்டார்கள்: "பொழுது வெடிஞ்சா இழுத்துப் புடிச்சிக்கினுதான் கீறோம். வுடறதுக்கு இன்னா வழி, அத்த சொல்லும்மா!" கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தேன். அன்று முதல் எங்கள் முகாம்களில் முதல் அரைமணி நேரம் நாங்கள் பேசுவதில்லை. வந்தவர்கள் பேசுவார்கள், நாங்கள் கேட்போம். நான் அரைமணி நேரம் வாய் மூடியிருப்பது மருத்துவ உலகின் பெரும் சாதனை என்பதை இந்த அவை குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு மலை! வெறுங்காலில் கொக்கிப்புழு ஏறும், ரத்தம் குறையும் என்று சொல்லி அறுபது ஜோடி ரப்பர் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். கொடுத்தோம், புகைப்படம் எடுத்தோம், புளகாங்கிதம் அடைந்தோம். அடுத்த ஞாயிறு போனால் ஊர் எல்லை மரத்தில் அறுபது ஜோடியும் காய்த்துத் தொங்குகிறது! மலைக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது என்று எங்களில் சிலர் முகம் சுளித்தோம். அப்போது ஒரு பெண் சொன்னாள்: "ஊருக்குள்ள சாமி நடமாடற எடம். எல்லைக் கல்லுக்கு இந்தாண்ட நாங்க செருப்புப் போட மாட்டோம். காட்டுக்குப் போறப்போ எடுத்து மாட்டிக்கினு போறோம். வந்து ஒரு செருப்பைத் திருப்பிப் பாருங்க, தேஞ்சிருக்கும்." பார்த்தோம். தேய்ந்திருந்தது. தேயாதது எங்கள் அகம்பாவம் ஒன்றுதான்.

புழு ஏறுவது எங்கே? ஈரக் காட்டிலே, ஒதுங்கும் இடத்திலே. அவர்கள் போட்டுக்கொண்டது அங்கே. மருந்தும் தவறவில்லை, மரபும் தவறவில்லை. தவறியது யார்? கேட்காமல் கொடுத்த நாங்கள்!

அந்தப் பெண் பெயர் மீனா. அந்த மலையூர்க் கரியன் அவர்களின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள். ஓராண்டாக ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்கு வழி காட்டியவள், எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று சொன்னவள், நாங்கள் எழுதிக் கொடுத்த பத்தியத்தை மலையில் கிடைக்கும் சாமையும் கீரையுமாக மாற்றிச் சொன்னவள். அவள் இந்தக் கல்லூரி மாணவியா? இல்லை. ஏன் இல்லை?

சின்னதுரை ஐயா, நேரம் முடிந்ததென்று மணியைத் தொடாதீர்கள். மணியடித்து நிறுத்த வேண்டிய இடத்தை நான் இன்னும் தொடவே இல்லை.

இனி வருவது ஒப்புதல் வாக்குமூலம். நம் கல்லூரியில் மலைப் பிள்ளைக்கென்று ஓர் இடம் உண்டு. சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் பதிவேட்டில் அது இருபத்தேழாம் எண். என் எண் இருபத்தாறு. இருபத்தேழில் பெயரில்லை, ஆளில்லை. எனக்கு அடுத்த நாற்காலி காலி. சின்னதுரை ஐயா பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், எண்தான். தலை நிமிராமல் வாசிப்பார். ஒருநாள் "இருபத்தாறு" என்றார். "உள்ளேன் ஐயா" என்றேன். "இருபத்தேழு" என்றார். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு, சளி பிடித்த குரலில், "உள்ளேன் ஐயா!" ஐயா புள்ளி வைத்துவிட்டார்.

அவ்வளவுதான், ஆரம்பமாகிவிட்டது. நாங்கள் நான்கு பெண்கள் முறை வைத்துக் குரல் கொடுத்தோம். ஒருநாள் இருமலோடு, ஒருநாள் கொட்டாவியோடு, ஒருநாள் தாமதமாக ஓடிவந்த மூச்சிரைப்போடு. தலைவர் அவர்களே! பதிவேட்டைத் திறந்து பாருங்கள். இருநூற்றுப் பதினோரு வேலை நாள். அதில் இருபத்தேழாம் எண் வந்தது நூற்றுத் தொண்ணூற்றெட்டு நாள்! வகுப்பிலேயே முதல் வருகை. இருபத்தாறாம் எண்ணின் வருகையை மட்டும் தயவுசெய்து பார்க்காதீர்கள்.

அப்பா, எழுந்து போகாதீர்கள். இனி உங்கள் கதைதான். காலையில் கேட்டேனே, "சொல்லட்டுமாப்பா?" என்று. "சொல்லிடு. கேசு வந்தா வரட்டும்" என்றீர்களே. உட்காருங்கள். பின்னால் பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர் ஐயா, உங்களுக்கு இப்போது சுண்டல் தயார். ஐந்து நிமிடம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். போக மாட்டீர்களா? சரி, நீங்களும் கேளுங்கள்.

போன வருஷம் மறியல். சாலைக்குச் சாலை மரம் சாய்த்தார்கள். எங்கள் ஊர் ஆட்களுக்குப் பங்காக வந்தது கச்சிராயபாளையம் சாலை. என் அப்பாவும் கோடாரியோடு போனார். எதற்காகப் போனார்? உழுது உழுது உலகுக்குச் சோறு போட்டவன் பிள்ளைக்குப் படிக்க ஓர் இடம், பிழைக்க ஒரு வேலை. கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை, வெட்டிப் பார்த்தார்கள். கேட்டது தவறு என்று சொல்ல நான் இங்கே ஏறவில்லை. அவர்கள் கேட்ட இடத்தில் உட்கார வேண்டியவளே நான்தான்!

ஆனால் என் அப்பா தேர்ந்தெடுத்த புளியமரம் இருக்கிறதே, அதன் உச்சியில் முறம் முறமாய் மலைத்தேன் கட்டியிருந்தது. சாலையைப் பார்த்தார்கள், போலீஸ் வருகிறதா என்று பார்த்தார்கள், மேலே மட்டும் யாரும் பார்க்கவில்லை. மரம் விழுந்தது. மறியல் செய்தவர்களைத் தேனீ மறியல் செய்தது! போராட்டம் திண்டாட்டம் ஆனது. பதினோரு பேரும் துண்டை வீசிக்கொண்டு ஓட, வீச வீச விரட்டுகிறது.

அந்த நேரம், மரத்துக்கு அந்தப் பக்கம், மடியில் விண்ணப்பத்தோடு ஒரு பெண். சேர்க்கைக்குக் கடைசி நாள் அது. வெள்ளிமலை பஸ் வழியிலேயே நின்றுவிட, மூன்று மரம் தாண்டி நடந்து வந்தவள். நாலாவது மரத்தில் இந்தக் கூத்து. அவள் ஓடவில்லை. "கையை வீசாதீங்க! துண்டைப் போத்திக்கினு கரும்புக்கொல்லைக்குள்ள பூந்துடுங்க!" என்று கத்தினாள். ஈர வைக்கோலில் புகை போட்டாள். கொடுக்கைக் கிள்ளப் போனவர் கையைத் தட்டிவிட்டாள். "கிள்ளாதண்ணா, கிள்ளினா வெஷம் உள்ள எறங்கும். நகத்தால வழிச்சு வுடு!"

பத்து பேர் பணியாரமாக வீங்கியதோடு பிழைத்தார்கள். பதினோராவது ஆளுக்கு மூச்சு அடைத்தது. அவர் பெயர் வீரமுத்து. "இதுக்கு என் கைவைத்தியம் பத்தாது. ஊசி போடணும், தூக்குங்க" என்றாள். தன்னால் முடியாதது எது என்று அறிந்தவள் அல்லவா மருத்துவச்சி! தூக்க வண்டி எங்கே? வண்டி வர வழி எங்கே? வழியில்தான் அப்பா வெட்டிய மரம் கிடக்கிறதே! கயிற்றுக்கட்டிலில் போட்டு, மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, கள்ளக்குறிச்சி வரை நடந்தார்கள். கூடவே நடந்தாள், "கண்ணைத் தொறங்க, பேர் சொல்லுங்க, பொண்ணு பேர் இன்னா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே. அப்பா சொல்லியிருக்கிறார், "மணிமொழி" என்று. ஊசி போட்டார்கள். மூச்சு வந்தது. அவள் இந்தக் கல்லூரி வாசலுக்கு வந்தபோது மணி ஆறரை. பூட்டு.

மறுநாள், ஏன் தாமதம் என்று முதல்வர் அம்மையார் கேட்டார்கள். "வழியில மரம்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மரம் எல்லோருக்கும்தானே விழுந்தது? விதிப்படி மறுத்தார்கள். அம்மையாரைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மூன்று மாதம் முன்பு எங்கள் முகாமுக்கு வேர்க்கடலை மூட்டையோடு வந்த அப்பா, அங்கிருந்த மீனாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இந்தப் பொண்ணுதாம்மா" என்றார். அன்றுதான் எனக்கே தெரியும். அவளைக் கேட்டேன், "ஏண்டி வாய் திறக்கல?" அவள் சொன்னாள்: "மரம் வெட்டினது யாருன்னு போலீசு தேடிக்கினு இருந்துச்சு. நான் கதை சொன்னா உங்கப்பா பேரும் சேர்ந்துதான் வரும். உசுரைக் காப்பாத்திட்டு ஆளைக் காட்டிக்குடுக்கச் சொல்றியா?"

அன்றுவரை அது குறும்பு. மறுநாள் "இருபத்தேழு" என்று ஐயா அழைத்தபோது, குரல் கொடுக்கப் போன தோழியின் வாயை நானே பொத்தினேன்.

எனக்கு இடம் கேட்டுச் சாய்த்த மரம், இன்னொருத்தியின் இடத்தின் மேல் விழுந்தது. இதைத் தூக்குவது யார்? சென்ற ஆண்டு நாள் கடந்துவிட்டது. இந்த ஆண்டு வயது கடந்துவிட்டது. பத்தொன்பது முடியக் கூடாதாம், அவளுக்குப் போன ஆனியில் முடிந்துவிட்டது. இன்று ஐந்து மணியும் கடந்துவிட்டால், நாளை சாலையும் இருக்காது. முழுநலம் என்று வாசலில் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். உடலுக்கு நலம், உள்ளத்துக்கு நலம், ஊருக்கு நலம் என்கிறோம். ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு இதற்கு முழுநலம் என்று பெயரா? முக்கால் நலம் என்று பெயரா?

விதி பதினொன்று, தலைவர் அவர்களே! தக்க காரணம் இருந்தால் நாளையும் வயதையும் தலைவர் தளர்த்தலாம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சேட்டைக்குத் தண்டனையாக என்னை நூலகத்தில் உட்கார வைத்தீர்கள். அங்கே படிக்க விதிப்புத்தகம் தவிர வேறு புத்தகம் இல்லை.

பொய்க் குரல் கொடுத்ததற்கு எனக்கு எந்தத் தண்டனையும் தாருங்கள். தோட்டத்துக்கு ஆடு விரட்டவும் தயார். ஒரே வேண்டுகோள். சின்னதுரை ஐயா, பதிவேடு உங்கள் மடியில்தான் இருக்கிறது. மணி நாலு ஐம்பத்தெட்டு. இருபத்தேழு என்று ஒருமுறை கூப்பிடுங்கள். இன்று நான் மூக்கைப் பிடிக்க மாட்டேன்.

என்ன ஐயா, யாரைப் பார்க்கிறீர்கள்? தலைவர் எழுகிறாரே! ஐயா, மேடையை விட்டுப் போகிறீர்களா... இல்லை. பதிவேட்டை வாங்குகிறார். ஒலிபெருக்கி வேண்டுமா ஐயா? இதோ.

கேட்டீர்களா? தலைவரே கூப்பிட்டுவிட்டார்! மீனா, மூன்றாம் வரிசையில் கீழே குனியாதே. என்னைப் பார்க்காதே, அவரைப் பார்த்துச் சொல். இன்னொரு முறை கூப்பிடுகிறார் பார். சொல்லடி!

உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட்டாள்.

அவை அமைதி காக்க வேண்டும், அவர் எழுதுகிறார். எண்ணுக்கு எதிரே பெயரை எழுதுகிறார். ஐயா, ‘க’ போடுங்கள், கரியன் மகள். அப்பா, துண்டை முகத்திலிருந்து எடுங்கள். கைதட்ட இரண்டு கையும் வேண்டும். ஓட்டுநர் அண்ணே, இரண்டு நிமிடம் பொறுங்கள், ஒரு பயணி விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருகிறாள்.

கேட்ட காதுகளுக்கும், பொறுத்த மணிக்கும், ஆறிப்போன சுண்டலுக்கும் நன்றி. இருபத்தாறாம் எண் விடைபெறுகிறது. இருபத்தேழாம் எண்ணுக்கு வரவேற்பு. வணக்கம்!