திரையை விலக்கி வந்த எங்கள் ட்ரம்பெட் அக்காவுக்கு

மூச்சை முழக்கமாக்கிய முதல்வியே! உதட்டில் தழும்பும் உள்ளத்தில் தணலும் ஏந்தி, இவ்விடுதியின் ஜாஸ் குழுவில் முப்பத்தோராண்டு முழங்கிய அன்பு அக்கா! வணக்கம்.

வாழ்த்த வந்த இடத்தில் வயிற்றெரிச்சலைக் கொட்டுகிறோமே என்று எவரும் முகம் சுளிக்க வேண்டாம். நடந்ததை விழுங்கிவிட்டுப் பாராட்டினால் அது பாராட்டாகாது.

குழுவுக்கு ஆளெடுத்த தேர்வன்று தங்கள் வாசிப்பைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டு, "இவரைத்தான் எடுக்கணும்!" என்று துள்ளினார் மேலாளர். கதவைத் திறந்து தங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "பொம்பளை கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதுறதைப் பார்க்கவா ஆளுங்க வருவாங்க? திரைக்குப் பின்னாடி நின்னு ஊதும்மா" என்றார். என்னே அவர் ரசனை!

நான்காண்டுகள், உடைந்த நாற்காலிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவே நின்று ஊதினீர்கள். முன்னால் ஓர் அழகர் வெறும் ட்ரம்பெட்டை வாயில் வைத்து நின்றார். நரம்பு புடைத்தது தங்களுக்கு, கைதட்டல் அவருக்கு! வீட்டில் இரு மகள்கள் படித்துக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துப் பொறுத்தீர்கள்.

ஒருநாள் அந்த அழகர், தாங்கள் இரவுதோறும் ஊதிய தனி வாசிப்பைக் குறித்து, "அது முழுக்க என் கற்பனை" என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தாங்கள் அதைப் படித்தீர்கள்; மடித்து வைத்தீர்கள். அன்று மாலை தனி வாசிப்புக்கான இடம் வந்தது. அழகர் கன்னத்தை உப்பினார். சத்தமே இல்லை! மேலாளர் பின்பக்கம் ஓடிவந்தார்.

"ஊதும்மா, மானம் போகுது!"

"யாரு மானம், சார்?"

கேட்டுவிட்டுத் திரையை விலக்கி, விளக்கொளியில் வந்து நின்று, அவ்வாசிப்பை முழுமையாக வாசித்தீர்கள். கை ஓடாமல் குச்சியைக் கீழே போட்ட டிரம்ஸ்காரன்தான் இம்மடலை இப்போது வாசிக்கிறேன்.

மறுநாளே தங்களை வெளியேற்றினார்கள். நாங்கள் ஒன்பது பேரும் கருவிகளைத் தொட மறுத்தோம். பதினோராம் நாள் தங்களைத் திரும்ப அழைத்தார்கள். அன்று முதல் நேற்று வரை மேடையின் முன்வரிசையில் நின்றே வாசித்தீர்கள்.

ஆனால் தாங்கள் ஓய்வுபெறும் இன்று நிர்வாகம் வழங்கிய கேடயத்தில் பொறித்திருப்பது என்ன? "இசை உதவியாளர்"! எதிரே அமர்ந்திருக்கும் நிர்வாகத்து ஐயா அவர்களே, இவர் யாருக்கு உதவினார்? கன்னத்தை மட்டும் உப்பியவருக்கா?

அக்கா! தங்கள் நுரையீரல் நோயறியாது, பல்லும் உதடும் பழுதறியாது, மகள்களும் பேரப்பிள்ளைகளும் சூழ நெடுங்காலம் வாழ்க! எவர் சைகைக்கும் காத்திராமல், நினைத்த நேரத்தில் நினைத்ததை ஊதுக! கேடயம் வேண்டாமென்றால் மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள். எடுத்துக்கொண்டு யாரும் பின்னால் ஓடிவர மாட்டோம்.

இக்குழுவின் முதல் ட்ரம்பெட் தாங்களே என்று ஒப்பமிடும்,
ஒன்பது பேர்